மணமகள் வரும் அந்தச் சில நிமிடங்கள்

கேள்வி: ‘பிரைட் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்’ என்ற பழைய கறுப்பு-வெள்ளைப் படத்தை நண்பர்கள் வற்புறுத்தியதால் பார்த்தேன். பயமே வரவில்லை; பல இடங்களில் சிரிப்புத்தான் வந்தது. தலைப்பில் உள்ள மணமகளோ கடைசிச் சில நிமிடங்கள்தான் வருகிறாள். போதாக்குறைக்குப் பேய் பேசக் கற்றுக்கொள்கிறது. முதல் பாகம் ஓடியதால் காசுக்காக எடுத்த இரண்டாம் பாகத்தை, முதல் பாகத்தைவிட உயர்ந்தது என்று கொண்டாடுவது பழமை மோகம்தானே?
– ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: இல்லை. காசுக்காகத் தொடங்கிய படம் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். 1931இல் வந்த ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ யூனிவர்சல் நிறுவனத்துக்கு நல்ல வசூலைத் தந்தது. அடுத்த பாகம் வேண்டும் என்று நிறுவனம் கேட்டது. இயக்குநர் ஜேம்ஸ் வேல் முதலில் பிடிகொடுக்கவில்லை. ஆனால் 1935இல் அவர் முடித்துக் கொடுத்தது, ஓடிய கதையை இழுத்து நீட்டிய படமன்று. மேரி ஷெல்லி 1818இல் வெளியிட்ட மூல நாவலில், பிணங்களின் உறுப்புகளைக் கொண்டு படைக்கப்பட்டவன் பேசுகிறான், படிக்கிறான், தன்னைப் படைத்தவன் முன்னால் உட்கார்ந்து தன் கதையைச் சொல்லி, எனக்கு ஒரு துணையைச் செய்து கொடு என்று மன்றாடுகிறான். முதல் படத்தில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. அங்கே அவனுக்கு உறுமல் மட்டும்தான் உண்டு. நாவலின் இதயமான அந்தப் பகுதி நான்கு ஆண்டுகள் கழித்து இரண்டாம் பாகத்தில்தான் திரைக்கு வந்தது. நாவலில் அந்தப் பெண் உருவம் உயிர்பெறுவதற்கு முன்பே சிதைக்கப்படுகிறது; படத்திலோ அவள் கண் திறக்கிறாள்.

பேய் என்று எழுதியிருக்கிறீர்கள். அவன் பேயல்லன், செத்துப்போன ஒருவரின் ஆவியும் அல்லன். ஃபிராங்கன்ஸ்டைன் என்பதுகூட அவனைப் படைத்தவனின் பெயர். அவனுக்கென்று ஒரு பெயர் இல்லை. கேட்காமலே பிறப்பிக்கப்பட்டு, பிறந்த கணத்திலேயே கைவிடப்பட்டவன் அவன். அவனைப் பேயாக நினைத்துக்கொண்டு பார்க்க உட்கார்ந்தால், அவன் எப்போது பயமுறுத்துவான் என்று காத்திருந்தே எழுபத்தைந்து நிமிடங்களும் கழிந்துவிடும்.

குருடரின் குடிசைக் காட்சியைத் தயவுசெய்து இன்னொரு முறை பாருங்கள். காட்டில் துரத்தப்பட்டு, துப்பாக்கிக் காயத்தோடு அலைகிறவனுக்கு வயலின் இசை கேட்கிறது. இசை வரும் திசையில் போய்க் கதவைத் தள்ளுகிறான். உள்ளே தனியாக வாழும் பார்வையற்ற முதியவருக்கு அவன் முகம் தெரியாது. ஆகவே அவரிடம் அலறல் இல்லை. வந்தவனால் பேச முடியாது என்று அறிந்ததும், எனக்குக் கண்ணில்லை, உனக்குப் பேச்சில்லை, நாம் ஒருவருக்கொருவர் உதவியாக இருக்கலாம் என்ற பொருளில் பேசி, அவனுக்கு உணவு கொடுத்துப் படுக்க வைத்து, தனக்கு ஒரு நண்பனை அனுப்பியதற்காக இறைவனுக்கு நன்றி சொல்லி அழுகிறார். படுத்திருப்பவன் கண்ணிலும் நீர் வழிகிறது. அழுகிற கிழவரின் தோளை அந்தப் பெரிய கை, பழக்கமில்லாத வேலையைச் செய்வதுபோல, மெல்லத் தட்டுகிறது. திரை இருளும்போது சுவரில் உள்ள சிலுவை மட்டும் சிறிது நேரம் ஒளிர்ந்துகொண்டிருக்கிறது. பிறகு ரொட்டி, மது, நண்பன், நல்லது, கெட்டது என்று ஒவ்வொரு சொல்லாக அவன் கற்கிறான். வழி கேட்டு வந்த வேட்டைக்காரர்கள் இருவர் அவனை அடையாளம் கண்டுகொள்ள, கைகலப்பில் குடிசை தீப்பற்றி எரிகிறது. அந்த வாழ்வு அத்தோடு முடிகிறது. நாவலிலும் பார்வையற்ற முதியவர் ஒருவர் அவனை ஏற்றுக்கொள்கிறார். கண்ணுள்ள அவருடைய மகன் வந்து அடித்து விரட்டுகிறான்.

அவன் பேசுவதை நீங்கள் குறையாகச் சொல்கிறீர்கள். அவனாக நடித்த போரிஸ் கார்லாஃபும் அதையேதான் சொன்னார். ஊமையாக இருப்பதே அந்தப் பாத்திரத்தின் பலம் என்பது அவர் எண்ணம். முதல் படத்தில் கட்டுப்பல்லைக் கழற்றி வைத்துவிட்டு நடித்ததால் அவருடைய ஒரு கன்னம் குழிந்து தெரிந்தது. இதில் வசனம் பேச வேண்டியிருந்ததால் அப்படிச் செய்ய முடியாமல் முகம் சற்று நிரம்பித் தெரிகிறது. முகத்தின் பயங்கரம் ஓரளவு குறைந்தது உண்மை. ஆனால் தனிமை கெட்டது, நண்பன் நல்லது என்று அவன் தன் வாயால் சொல்லக் கேட்ட பிறகு, அவனைத் துரத்தும் ஊர்க்கூட்டத்தின் பக்கம் நம்மால் நிற்க முடிவதில்லை. இந்த ஒரு லாபத்துக்காக எத்தனை பயத்தையும் விட்டுக்கொடுக்கலாம் என்றே நான் நினைக்கிறேன்.

சிரிப்பு வந்ததற்காக நீங்கள் படத்தைக் குறைசொல்ல வேண்டியதில்லை; சிரிக்க வேண்டும் என்றே வேல் எடுத்திருக்கிறார். கல்லறைக்குள் சவப்பெட்டியை மேசையாக்கி, மண்டையோட்டை எதிரில் வைத்துக்கொண்டு இரவு உணவு உண்ணும் டாக்டர் பிரிட்டோரியஸ் (ஃபிராங்கன்ஸ்டைனைக் கொண்டு ஒரு பெண்ணைப் படைக்கத் துடிப்பவர்), இருளிலிருந்து வருபவனைக் கண்டு சிறிதும் அஞ்சாமல் விருந்துக்கு அழைக்கும்போது சிரிப்பு வராவிட்டால்தான் தவறு. ஆனால் அந்த உபசரிப்புதான் அவனை விலைக்கு வாங்குகிறது. குருடர் அன்பினால் கற்பித்த சொற்களை இந்த மனிதர் தன் காரியத்துக்குப் பயன்படுத்திக்கொள்கிறார். ஓயாமல் கீச்சிடும் வேலைக்காரி மின்னியை மட்டும் நானும் பொறுத்துக்கொண்டுதான் பார்க்கிறேன்.

மணமகளுக்கு வருகிறேன். எல்சா லான்செஸ்டர் இந்தப் படத்தில் இரண்டு வேடங்கள் ஏற்றிருக்கிறார். தொடக்கத்தில், இடியும் மழையுமான இரவில் கவிஞர் பைரனுக்கும் கணவர் ஷெல்லிக்கும் கதையின் மீதியைச் சொல்லத் தொடங்கும் மேரி ஷெல்லியாக வருபவரும் அவரே. கதையைப் படைத்தவளின் முகமே கடைசியில் படைக்கப்பட்டவளின் முகமாகத் திரும்பி வருகிறது. அவள் பிறக்கும் காட்சியில் ஒளிப்பதிவாளர் ஜான் மெஸ்கால் கேமராவைச் சாய்த்து, முகங்களுக்குக் கீழிருந்து ஒளி பாய்ச்சுகிறார். ஃபிரான்ஸ் வாக்ஸ்மனின் இசையில் முரசு இதயம்போல அடித்துக்கொண்டே இருக்கிறது. கட்டுகள் அவிழ்ந்ததும், மேல்நோக்கி நிமிர்ந்த கருங்கூந்தலில் மின்னல் பாய்ந்ததுபோல வெள்ளைக் கீற்று. இருளும் ஒளியும் மட்டுமே உள்ள படத்தில்தான் அந்தக் கீற்றுக்கு அவ்வளவு கூர்மை உண்டு. வண்ணத்தில் அது வெறும் நரையாகியிருக்கும். அவள் தலை பறவையின் தலைபோல வெடுக்கு வெடுக்கென்று திரும்புகிறது. அவளுக்கு ஒரு சொல்கூட இல்லை. தனக்காகவே செய்யப்பட்டவள் என்று நம்பி அவன் தயங்கித் தயங்கிக் கையை நீட்டும்போது அலறுகிறாள்; பிறகு சீறுகிறாள். லண்டன் ரீஜன்ட் பூங்காவின் அன்னங்கள் சீறுவதைப் பார்த்தே அந்த ஒலியைப் பிடித்ததாக லான்செஸ்டர் சொல்லியிருக்கிறார்.

இதற்கு மேல் அவள் எதற்காகத் திரையில் இருக்க வேண்டும்? படம் முழுவதும் அவன் காத்திருந்தது அவளுக்காக. ஊரார் விரட்டியதை அவன் தாங்கிக்கொண்டான்; தன்னைப் போலவே பிணங்களிலிருந்து பிறந்தவளும் மற்றவர்களைப் போலவே தன்னை வெறுக்கிறாள் என்பதை அறிந்துகொள்ள அவனுக்குச் சில நொடிகள் போதுமானவையாக இருக்கின்றன. ஆய்வுக்கூடத்தைத் தகர்க்கும் நெம்புகோலில் கை வைத்தபடி, தன்னைப் படைத்தவனையும் அவன் மனைவியையும் போய் வாழுங்கள் என்று அனுப்பிவிடுகிறான். பிரிட்டோரியஸைப் பார்த்து, நீ இரு, நாம் இறந்தவர்களோடு சேர வேண்டியவர்கள் என்கிறான். குடிசையில் ரொட்டிக்கும் நண்பனுக்கும் சொல் கற்றவன், அப்படிச் சேர்த்த சில சொற்களைக் கொண்டே யார் வாழ்வது, யார் சாவது என்று பிரிக்கிறான். அவள் மறுபடியும் சீறுகிறாள். நெம்புகோலை இழுப்பதற்கு முன் அவன் முகம் அருகில் காட்டப்படுகிறது. அன்று கிழவரின் குடிசையில் வழிந்த கண்ணீர் இரண்டாம் முறையாக அந்தக் கன்னத்தில் இறங்குகிறது.