இணையக் கலை இதழில் வேலை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: இணையத்தில் மட்டும் வெளிவரும் ஒரு சிறிய கலை இதழில் உதவி ஆசிரியராகச் சேரும்படி அழைப்பு வந்திருக்கிறது. ஓவியம், சிற்பம் பற்றி எழுதுவதில் எனக்கு ஆர்வம் அதிகம். நாள் முழுவதும் எழுதிக்கொண்டிருக்க முடியுமா?

பதில்: எழுதலாம், நாள் முழுவதும் அல்ல. நாலைந்து பேர் சேர்ந்து நடத்தும் இதழில் உதவி ஆசிரியர் என்றால், மெய்ப்புப் பார்ப்பவர், படங்களுக்கு அனுமதி வாங்குபவர், செய்திமடல் அனுப்புபவர், சமூக ஊடகக் கணக்கைக் கவனிப்பவர் எல்லாம் அவர் ஒருவரே. காலையில் மின்னஞ்சலைத் திறந்தால் காட்சிக்கூடங்களின் அறிவிப்புகள் குவிந்து கிடக்கும். எந்தக் கலைஞரானாலும் அவர் ‘எல்லைகளைக் கேள்விக்குள்ளாக்குபவர்’ என்றே அவை சொல்லும். எதை விட்டுவிடுவது என்று தீர்மானிப்பதுதான் அன்றைய முதல் வேலை. பெரும்பாலான கண்காட்சிகள் சில வாரங்களில் முடிந்துவிடுவதால், படித்துவிட்டு நேரில் போய்ப் பார்க்க விரும்பும் வாசகருக்கு உதவ வேண்டுமானால் விமர்சனம் அதற்குள் வெளிவந்தாக வேண்டும். கெடுவைத் தள்ளிப்போடும் கட்டுரையாளரைத் துரத்துவதும் உங்கள் தலையில்தான் விழும்.

இவற்றையெல்லாம்விட அதிகமாக நேரத்தை விழுங்குவது படக்குறிப்பு. கலைஞரின் பெயர், படைப்பின் தலைப்பு, ஆண்டு, எந்தப் பொருளால் ஆனது, அளவு, யாருடைய சேகரிப்பில் இருக்கிறது, படம் எடுத்தவர் யார் என்பவை அனைத்தும் அந்த இரண்டு வரிகளுக்குள் பிழையின்றி அமைய வேண்டும். அளவைச் சொல்லும்போது உயரத்தை முதலிலும் அகலத்தை அடுத்தும் எழுதுவது வழக்கம். இரண்டும் இடம் மாறினால், நெட்டுவாக்கில் இருக்கும் ஓவியம் குறிப்பில் படுத்துக்கொள்ளும். போதாக்குறைக்கு, இணையதளத்தின் வார்ப்புரு முகப்புப் பக்கத்துக்காகப் படங்களைத் தானாகவே சதுரமாக வெட்டிவிடும். நின்றுகொண்டிருக்கும் பெண்ணின் ஓவியத்தில் தலை போய் இடுப்பு மட்டும் மிஞ்சியிருக்கும். கலைஞரின் கண்ணில் அது படுவதற்கு முன்னால் உங்கள் கண்ணில் பட்டாக வேண்டும். நன்றாக எழுதத் தெரிந்தும் இந்த வேலையில் நிலைக்காமல் போகிறவர்கள், பெரும்பாலும் இதில் சலித்துப்போனவர்களே என்பது என் கணிப்பு.

கேள்வி: படங்கள்தாம் இணையத்தில் ஏராளமாகக் கிடக்கின்றனவே, அனுமதிக்காக ஏன் அலைய வேண்டும்?

பதில்: கண்ணில் படுவது எல்லாம் எடுத்தாளக்கூடியது ஆகிவிடாது. 1886இல் உருவான பெர்ன் உடன்படிக்கை என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின்படி, பொதுவாகப் படைப்பாளி இறந்து 50 ஆண்டுகள் வரையாவது பதிப்புரிமை நீடிக்கும். பல நாடுகள் அதை 70 ஆண்டுகளாக நீட்டித்திருக்கின்றன. 1973இல் இறந்த பிக்காசோவின் ஓவியங்கள், 70 ஆண்டு விதி உள்ள நாடுகளில், 2043ஆம் ஆண்டின் இறுதி வரை பதிப்புரிமைக்குள் இருக்கும். ஓவியத்தை விலைகொடுத்து வாங்கியவரிடம் அதைப் பிரசுரிக்கும் உரிமையும் இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள்; எழுத்தில் மாற்றிக் கொடுத்தாலன்றி அது கலைஞரிடமே இருக்கும். சிற்பமாக இருந்தால் அதைப் படமெடுத்தவருக்கும் தனி உரிமை உண்டு. ஆகவே ஒரே படத்துக்காக இரண்டு பேரைத் தேடிப்பிடிக்க நேரும்.

விமர்சனத்துக்காகப் படத்தைப் பயன்படுத்தப் பல நாட்டுச் சட்டங்கள் விலக்கு அளிக்கின்றன என்றாலும், அதன் எல்லை நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லாத சிறிய இதழ் கேட்டு வாங்குவதே நல்லது. பழைய படைப்புகளைப் பொறுத்தவரை நிலைமை முன்பைவிட மேல். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம், பதிப்புரிமைக் காலம் கடந்த தன் படைப்புகளின் படங்களை 2017 முதல் யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தத் திறந்துவிட்டிருக்கிறது.

கேள்வி: விளம்பரம் தரும் காட்சிக்கூடத்தின் கண்காட்சி சுமாராக இருந்தால் உள்ளபடி எழுத முடியுமா?

பதில்: எழுத முடியாத இதழில் சேராதீர்கள். சிக்கல் விளம்பரத்தோடு நிற்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கலையுலகம் சிறியது, இன்று நீங்கள் விமர்சிக்கும் ஓவியர் அடுத்த மாதம் உங்கள் இதழுக்கே கட்டுரை எழுதக்கூடும், காட்சியைத் தொகுத்தவர் உங்கள் ஆசிரியரின் நண்பராக இருக்கக்கூடும். இந்த நெருக்கத்தில் விமர்சகர்கள் பொய் சொல்வது அரிது, மழுப்புவதுதான் அதிகம். ‘பிரபஞ்சத் தனிமையை நிறங்களால் விசாரிக்கும் படைப்பு’ என்று ஒருவர் எழுதி அனுப்பினால் அதில் பாராட்டும் இல்லை, குறையும் இல்லை. என்ன நிறம், எவ்வளவு பெரிய துணி, வண்ணம் தடிப்பாக அப்பப்பட்டிருக்கிறதா, நீர்த்து வழிகிறதா என்று கேட்டுத் திருப்பி அனுப்புங்கள். அந்த விவரங்கள் வந்து சேரும்போது அவருடைய கருத்தும் வெளியே வந்துவிடும். நெருங்கிய உறவோ நட்போ இருந்தால் அந்த விமர்சனத்தை வேறொருவரிடம் கொடுக்க வேண்டும். பயணச் செலவைக் காட்சிக்கூடம் ஏற்றிருந்தால் கட்டுரையின் அடியில் அதைச் சொல்லிவிட வேண்டும். பிரசுரத்துக்கு முன் கலைஞர் கட்டுரையைப் படித்துப் பார்க்கக் கேட்பார். தகவல்களைச் சரிபார்க்கலாம், கட்டுரையைக் காட்டக் கூடாது.

கேள்வி: சம்பளம்?

பதில்: குறைவு. சந்தா, நன்கொடை, மானியம், விளம்பரம் ஆகியவற்றில் எதை நம்பி இதழ் நடக்கிறது என்று நேர்காணலிலேயே கேளுங்கள். மானியம் என்றால் எந்த மாதம் முடிகிறது என்பதையும் கேளுங்கள். எழுதுபவர்களுக்குச் சன்மானம் தராமல் ‘பெயர் வெளியே தெரியுமே’ என்று சமாதானம் சொல்லும் இதழ், உங்கள் கூடுதல் நேர உழைப்புக்கும் அதே பதிலைத்தான் வைத்திருக்கும்.

கேள்வி: இதழ் ஒருநாள் நின்றுவிட்டால் எழுதியவை என்ன ஆகும்?

பதில்: டொமைன் கட்டணத்தைக் கட்ட ஆளில்லாமல் போனால் முகவரி கைவிட்டுப் போகும், சர்வருக்கும் பணம் நின்றால் கட்டுரைகள் பார்வையிலிருந்தே மறையும். பக்கங்கள் அப்படியே இருந்தாலும் உள்ளே இருப்பது செயலிழக்கலாம்: அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31இல் இணையத்தில் அசைபடங்களை இயக்கிய ஃபிளாஷ் மென்பொருளுக்கான ஆதரவை நிறுத்தியபோது, அதில் உருவான இணையக் கலைப்படைப்புகள் பல சாதாரண உலாவிகளில் திறக்காமல் போயின. இணையப் பக்கங்களின் நகலைக் காத்துவைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் ஒவ்வொரு கட்டுரையின் முகவரியையும் கொடுத்துச் சேமிக்கலாம். ஆயினும் படங்கள் எல்லாம் பதிவாகிவிட்டனவா என்று திறந்து பார்ப்பது அவசியம். வெளியான அன்றே, படங்களோடும் குறிப்புகளோடும், பிடிஎஃப் கோப்பு ஒன்றை உங்கள் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வேலைக்கு விண்ணப்பிக்கும்போது கேட்கப்போவது அதைத்தான்.