மருந்து அடித்த தேதியைச் சொல்லுங்கள்

செடிப் பூச்சிகளைத் தின்னட்டும் என்று பசுமைக்குடிலில் விட்ட பொறிவண்டுகள் மறுநாளே காணோம். எங்கே போயின?

வெளியேதான். வளர்ந்த வண்டுக்கு இறக்கை உண்டு, குடிலுக்குத் திறப்பு உண்டு. புழுப் பருவத்தில் வாங்கி, சாயங்காலம் விடுங்கள்.

குடைமிளகாயில் இலைப்பேனைக் கட்டுப்படுத்திய சுவிர்ஸ்கி (பூச்சி தின்னும் நுண்ணிய சிலந்திப் பேன்), தக்காளியில் எடுபடவில்லையே?

எடுபடாது. தக்காளித் தண்டின் பிசுபிசுப்பான ரோமங்களில் நடமாட முடியாது, மாட்டிக்கொண்டு சாகும். வெள்ளரி என்றால் சரி.

சிவப்புச் சிலந்திப் பேனுக்காக, அதைத் தின்னும் பெர்சிமிலிஸ் பேன்களை விட்டேன். நாலே நாளில் எல்லாம் செத்துவிட்டன. தரமில்லாத சரக்கா? (ஒரு மாதம் முன்பு லேசாக பைரித்ராய்டு பூச்சிக்கொல்லி அடித்தேன்.)

அடைப்புக்குறிக்குள் போட்டீர்களே, அதுதான் விஷயம்! வரும் கடிதங்களில் பாதி இப்படித்தான்: காசு கொடுத்து இரைவிழுங்கிகளை வாங்குவது, விஷம் காயாத இலையில் கொட்டுவது, அப்புறம் விற்றவரைத் திட்டுவது. 'லேசாக' என்பதெல்லாம் நமக்குத்தான். அரை மில்லிமீட்டர் உயிருக்கு இல்லை. பைரித்ராய்டின் எச்சம் இரண்டு, மூன்று மாதம் இலையில் நிற்கும். வேரில் ஊற்றிய இமிடாகுளோபிரிட் பூச்சிக்கொல்லி கூடத் தப்பவிடாது. செடிச்சாற்றையும் உறிஞ்சும் ஓரியஸ் என்ற இரைவிழுங்கிப் பூச்சி அதில் செத்துவிடும். சோப்புக் கரைசல் பரவாயில்லை, காய்ந்த பிறகு தொல்லை தராது. மருந்து அடித்த தேதியைச் சுவரில் எழுதி வையுங்கள் என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்! இன்னொன்று, ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே போனால் பெர்சிமிலிஸின் முட்டை வற்றிவிடும். அதையும் பாருங்கள்.

வெள்ளை ஈக்கு என்கார்சியா குளவி விட்டிருக்கிறேன். மஞ்சள் ஒட்டு அட்டைகளும் வரிசைக்குப் பத்து. போதுமா?

அதிகம். விட்ட குளவிகளும் அதில்தான் ஒட்டும். கண்காணிப்புக்கு ஒன்றிரண்டு வையுங்கள். கிள்ளிய அடியிலைகளில் கறுத்த செதில்கள் (குளவி முட்டையிட்ட வெள்ளை ஈக் குஞ்சுகள்) இருந்தால் உடனே வெளியே கொட்டாதீர்கள். அதற்குள்தான் அடுத்த தலைமுறைக் குளவி இருக்கிறது.

இரைவிழுங்கியான கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டைகள் ஒரே டப்பாவில் பொரிந்தன. தினமும் எண்ணிக்கை குறைகிறது.

ஒன்றையொன்று தின்கின்றன. இன்றே செடிகளில் பரவலாக விடுங்கள்.

செடியில் பூச்சி. என்ன விடலாம்?

எந்தச் செடி, எந்தப் பூச்சி? லென்ஸால் இலையின் அடிப்பக்கத்தைப் பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள். மருந்து அடித்த தேதியோடு.