‘நாலு ஜிபி கார்டு’ என்பவரிடம் இன்னொரு கேள்வியும் கேளுங்கள்

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் தென்னந்தோப்பு வைத்திருக்கிறேன். மகன் பிளஸ் டூ படிக்கிறான். இரண்டு வருஷத்துக்கு முன் ஆபீஸில் ஓடிய பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். ஐ5-4590, 8 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. வேலரன்ட், ஜிடிஏ 5 என்ற இரண்டு கேமும் தட்டித் தட்டி ஓடுகிறது என்கிறான். கோயமுத்தூரிலிருந்து சாமான் எடுத்துவந்து கொடுக்கும் ஒருவர், “நாலு ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 500 வாட் எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளை, லைட் எரியும் ஃபேன், எல்லாம் சேர்த்து 11,500. பில் வேண்டாம் என்றால் 10,000” என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். உங்கள் பட்ஜெட்டில் மகன் கேட்பது நடக்கும். ஆனால் அவர் சொல்கிற சாமானால் நடக்காது.

வேலரன்டைத் தயாரித்தவர்கள், விநாடிக்கு 30 ஃப்ரேம், அதாவது 30 படம் வீதம் ஓட இன்டெல் எச்டி 4000 கிராபிக்ஸ் போதும் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். உங்கள் சிப்புக்குள்ளேயே அதைவிட ஒரு படி மேலான எச்டி 4600 இருக்கிறது. அப்படியிருந்தும் தட்டுகிறது என்றால், கார்டு இல்லாதது மட்டும் காரணம் இல்லை. மகனை டாஸ்க் மேனேஜரில் ‘மெமரி’ பக்கத்தைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ‘ஸ்லாட்’ என்ற இடத்தில் ஒன்று மட்டும் பயன்பாட்டில் இருப்பதாகக் காட்டினால், 8 ஜிபியும் ஒரே ராமாக மாட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பழைய கம்ப்யூட்டர் விற்பவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் தருவார்கள். உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் தன் வேலைக்கும் இதே ராமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது. இரண்டாவதாக இன்னொரு 8 ஜிபி மாட்டினால் டேட்டா போகும் பாதை இரட்டிப்பாகும். டிடிஆர்3, 1600 என்று கேட்டு வாங்குங்கள். டிடிஆர்4 அந்த ஸ்லாட்டில் உட்காரவே உட்காராது.

அதற்கும் முன்னால் காசில்லாத வேலை ஒன்று இருக்கிறது. சிபியு பெட்டியைத் திறந்து தூசு ஊதுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது, நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உங்கள் பக்கத்துப் பெட்டி ஒன்றைப் போன மாதம் திறந்தேன். ஃபேனுக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் கம்பளித் துண்டு மாதிரி ஒரு படலம், முழுசாக உரித்தெடுத்தேன். சிப்பின் மேல் சூடு கடத்தும் பேஸ்ட்டைப் புதுசாகத் தடவியதோடு பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

ஹார்டு டிஸ்குக்குப் பதில் அதைவிட வேகமாகப் படிக்கிற சாட்டா எஸ்எஸ்டி ஒன்று போடுங்கள். ஃப்ரேம் எண்ணிக்கை ஏறாது. ஆனால் ஜிடிஏவில் வண்டி வேகமாகப் போகும்போது ரோடும் வீடும் தாமதமாக முளைக்கிற கோளாறு குறையும்.

இனி அந்த ‘நாலு ஜிபி’. கார்டின் பெயர் என்ன என்று அவரிடம் கேளுங்கள். பெயரைச் சொல்லாமல் ஜிபியை மட்டும் சொல்லி விற்பது இந்தத் தொழிலில் இருபது வருஷமாக நான் பார்க்கும் தந்திரம். இந்த விலைக்கு இத்தனை சாமானோடு வருவது அநேகமாக 2014-ல் வந்த ஜிடி 730 ஆகத்தான் இருக்கும். உங்களுக்குத் தோப்புக் கணக்கில் சொன்னால் புரியும்: மேலே பெரிய தொட்டி, கீழே அரை இஞ்சுக் குழாய். தொட்டி நாலு ஜிபிதான், பொய் இல்லை. ஆனால் டிடிஆர்3 மெமரி போட்ட பல 730-களில் அந்தக் குழாய் வழியாக விநாடிக்கு 14.4 ஜிபிதான் வரும். 2019-ல் வந்த ஜிடிஎக்ஸ் 1650-லும் அதே நாலு ஜிபிதான். அதன் முதல் ரகத்திலேயே விநாடிக்கு 128 ஜிபி போகும். வேலரன்டை 60 ஃப்ரேமில் ஓட்ட 730 போதும் என்று கம்பெனிப் பட்டியலில் இருப்பதை அவர் காட்டலாம். ஜிடிஏவுக்கு என்ன போட்டிருக்கிறது என்று திருப்பிக் கேளுங்கள். அங்கே பழைய பதிப்புக்கே பரிந்துரை ஜிடிஎக்ஸ் 660.

இதைவிட மோசமானது போலி. ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று ஸ்டிக்கர் ஒட்டி, உள்ளே 2010, 2011 காலத்து ஜிடிஎஸ் 450, ஜிடிஎக்ஸ் 550 டிஐ சிப்பை வைத்து, கார்டை இயக்கும் உள் மென்பொருளான பயாஸையே மாற்றி எழுதிவிடுகிறார்கள். விண்டோஸும் அந்தப் பெயரையே நம்பிக் காட்டும். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைப் போட்டால் பெயருக்கு முன்னால் ‘ஃபேக்’ என்று காட்டிக்கொடுக்கும். அது இல்லாமலும் கண்டுபிடிக்கலாம். கார்டின் பின்பக்கம் நீல நிற விஜிஏ சாக்கெட் இருந்தால் வாங்காதீர்கள். 1050 டிஐ, 1650 சிப்புகளில் விஜிஏ கிடையாது. உங்கள் மானிட்டரில் நீல பிளக் மட்டும்தான் இருக்கிறதென்றால், எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும் கன்வெர்ட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளலாம். “உங்க மானிட்டருக்கு இதுதாங்க சேரும்” என்று 730-ஐத் தலையில் கட்டுகிறவர்கள் இதைச் சொல்லவே மாட்டார்கள்.

500 வாட் எஸ்எம்பிஎஸ் கதை தனி. என் மேஜையில் இப்போது ஒன்று கிடக்கிறது. மேலே கொட்டை எழுத்தில் 500 வாட். பக்கவாட்டில் பொடி எழுத்தில் +12 வோல்ட், 14 ஆம்பியர். பெருக்கிப் பாருங்கள், 168 வாட். கம்ப்யூட்டரின் பெரிய சுமை முழுக்க அந்த 12 வோல்ட் லைனில்தான். கையில் தூக்கினால் மட்டை உரித்த தேங்காய் கனம். உங்கள் ஆபீஸ் பெட்டியில் ஏற்கனவே இருக்கும் எஸ்எம்பிஎஸ் 290 வாட் மாதிரி சிறிய எண்ணாகத்தான் இருக்கும், ஆனால் அது நிஜ எண். அதோடு பல ஆபீஸ் பெட்டிகளில் மதர்போர்டுக்குப் போகும் பிளக்கே வேறு. கடைச் சரக்கின் 24 பின் அதில் சேராது.

அதனால் எஸ்எம்பிஎஸ்ஸைத் தொடாதீர்கள். ஸ்லாட்டிலிருந்தே 75 வாட் எடுத்து ஓடுகிற கார்டாக வாங்குங்கள். 1650-ல் இரண்டு விதம் உண்டு; தலையில் ஆறு பின் சாக்கெட் இல்லாததைத்தான் கேட்க வேண்டும். உங்கள் ஐ5 84 வாட், கார்டு 75 வாட், மற்றதெல்லாம் சேர்ந்தாலும் 200-ஐத் தாண்டாது. பழைய கார்டு என்றால் ராமும் எஸ்எஸ்டியும் சேர்த்துப் பன்னிரண்டாயிரத்துக்குள் அடக்கலாம். ஆர்எக்ஸ் 580 மலிவாகக் கிடைக்கிறதே என்று மகன் சொல்வான். அது 185 வாட். 2022 செப்டம்பரில் ஈதீரியம் என்ற டிஜிட்டல் காசைக் கார்டுகளால் தோண்டி எடுக்கும் மைனிங் நின்றபோது ராத்திரி பகலாக வெந்த கார்டுகள் மூட்டையாகச் சந்தைக்கு வந்தன. வேண்டாம்.

ஒன்றைக் கட்டாயம் அளந்து பாருங்கள். உங்கள் பெட்டி ஒரு சாண் அகலமா, அல்லது படுக்கவைத்து மேலே மானிட்டர் வைக்கிற மெல்லிய பெட்டியா? மெல்லியது என்றால் மேலே சொன்ன கார்டு உள்ளே போகாது. பாதி உயரக் கார்டு வேண்டும், லோ புரொஃபைல் என்று கேளுங்கள். அதிலும் 1650 உண்டு, ஆனால் இரண்டு ஸ்லாட் தடிமன். சில பெட்டிகளில் அந்த ஸ்லாட் எஸ்எம்பிஎஸ்ஸை ஒட்டியே இருக்கும், இரண்டாவது ஸ்லாட்டுக்கு இடமே இருக்காது. அங்கே ஒற்றை ஸ்லாட் ஆர்எக்ஸ் 6400 உட்காரும், 53 வாட்தான். உங்கள் பழைய போர்டில் முழு வேகம் தராது, ஆனாலும் ஓடும். வாங்குமுன் பெட்டியின் மூடியைக் கழற்றி போனில் இரண்டு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரரிடம் காட்டுங்கள். கார்டைப் பெட்டியோடு பொருத்தும் தகடு குட்டையா நெட்டையா என்பதையும் பாருங்கள். பழைய கார்டு விற்பவர்கள் நெட்டைத் தகட்டை மாட்டி, குட்டைத் தகட்டைத் தொலைத்திருப்பார்கள். அது மட்டும் தனியாக லேசில் கிடைக்காது, நான் ஒரு வாரம் அலைந்திருக்கிறேன்.

பில் விஷயத்துக்கு வருகிறேன். பில் வேண்டாம் என்றால் குறைகிற அந்தக் காசு 18 சதவீத ஜிஎஸ்டியிலிருந்து வருகிறது, அவர் பையிலிருந்து அல்ல. புதுச் சாமான் பழுதானால் பில் இல்லாமல் எந்த சர்வீஸ் சென்டரும் முகம் கொடுக்காது. பில் இருந்தாலே படாத பாடு. பாலக்காட்டு பில்லோடு ஒருவரைக் கோவைக்கு அனுப்பினேன். “கேரளா பில், கொச்சிக்குப் போங்க” என்றார்கள். கொச்சியில், வாங்கிய கடை வழியாக வரச் சொன்னார்கள். 2017-ல் ஜிஎஸ்டி வந்து வாளையார் எல்லையில் வரிச் சாவடியை எடுத்தாயிற்று, வரிக்காக லாரி நிற்பதில்லை. கைக்குட்டை அளவு கார்டு ஒன்றுக்கு மட்டும் இன்னும் எல்லை இருக்கிறது. நீங்கள் அடிக்கடி போகிற ஊரில், கடை முத்திரையும் சீரியல் நம்பரும் போட்ட பில்லோடு வாங்குங்கள்.

விண்டோஸ் 11 போட்டுத் தருகிறேன் என்றாலும் சம்மதிக்காதீர்கள். உங்கள் ஐ5 அதன் பட்டியலிலேயே இல்லை. குறுக்கு வழியில் ஏற்றினால் வேலரன்ட் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்டு நின்றுவிடும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டதால், பேங்க் வேலையை அந்தக் கம்ப்யூட்டரில் செய்யாதீர்கள். நன்றாக ஓடுகிற மிஷினைக் குப்பை என்று தேதி குறித்துச் சொல்லும் இந்த ஏற்பாட்டின் மேல் எனக்கிருக்கும் கோபத்தை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

கார்டு மாட்டியதும் மானிட்டர் கேபிளைக் கார்டின் சாக்கெட்டுக்கு மாற்றச் சொல்லுங்கள். மீனாட்சிபுரத்திலிருந்து ஒருவர் சிபியுவை அரிசிச் சாக்கில் கட்டி, பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வந்தார். புதுக் கார்டு போட்டும் ஒரு மாற்றமும் இல்லையாம். வீட்டில் கேபிள் எங்கே செருகியிருந்தது என்று காட்டச் சொன்னேன். மதர்போர்டில் பழைய இடத்தையே காட்டினார்.