உலகம் அழிந்த பிறகு நடக்கும் கதையில் எது பணமாக இருந்தால் நம்பும்படி இருக்கும்?

பணம் என்பது, நாளை இன்னொருவர் மறுக்காமல் வாங்கிக்கொள்வார் என்று நம்பி நாம் இன்று வாங்கிக்கொள்ளும் பொருள். அவ்வளவுதான். இங்கே தாராவியில் சில்லறை இல்லையென்றால் கடைக்காரர் ஒரு ரூபாய்க்கு மிட்டாய் தருவார். அதே மிட்டாயை மறுநாள் நீட்டிப் பாருங்கள், வாங்கமாட்டார். அதனால் அது பணம் இல்லை.

ரூபாய் நோட்டுக்கு அந்த நம்பிக்கையைத் தருவது அரசு. 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் செல்லாது என்றார்கள். தாள் அதே தாள்தான், நம்பிக்கை போய்விட்டது. அரசே இல்லாத உலகில் பொருள் தானே மதிப்போடு இருக்கவேண்டும்.

இரண்டாம் உலகப்போரின் கைதி முகாம்களில் சிகரெட் பணமானது. புகைக்காதவர்களும் வாங்கினார்கள். ஆனால் செஞ்சிலுவைச் சங்கப் பார்சல் வராதபோது இருந்த சிகரெட்டைப் புகைத்தே தீர்த்தார்கள். முகாமில் பணம் குறைந்து, பொருள்களின் விலை இறங்கியது. கதை எழுதுபவருக்கு இது பொன்னான தகவல்!

சரி, உங்கள் கதை மும்பையில் நடந்தால்? எத்தியோப்பியாவில் உப்புக்கட்டி பணமாக ஓடியது, ஆனால் நம் ஜூலை மழையில் உப்பு கசிந்துவிடும், தீப்பெட்டி நமத்துப்போகும். நான் சலவை சோப்பைத் தேர்ந்தெடுப்பேன். நூலால் துண்டு போடலாம், நனையாமல் வைத்தால் வருடக்கணக்கில் இருக்கும், எல்லா வீட்டுக்கும் வேண்டும்.

தங்கம்தான் உடனே பணமாகும் என்று பலரும் எழுதுகிறார்கள். ஆனால் அசலா என்று உரசிப் பார்க்க ஆளும், சாப்பிட்டது போக மிச்சம் பிடிக்க விளைச்சலும் வந்த பிறகுதான் தங்கத்தை யாராவது கேட்பார்கள்.