பேலர் பல்கலைக்கழகம்: சாவிக்கொத்து யார் இடுப்பில்?

வணக்கம் சார்.

அமெரிக்காவில், டெக்சாஸில் இருக்கும் பேலர் பல்கலைக்கழகத்தில் உங்கள் மகளுக்கு இடம் கிடைத்தது பற்றி நீங்கள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜை இரண்டு தடவை கேட்டேன். பதினோரு நிமிஷத்தில் ஃபீஸ் பற்றி ஒரு நிமிஷம்கூடப் பேசவில்லை. மற்றதெல்லாம் “கிறிஸ்தவ யுனிவர்சிட்டியாமே, பொண்ணை மாத்திடுவாங்களா?” என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதைக் கொஞ்சம் திருப்பிக் கேட்க வேண்டும்: அந்த இடத்தை நடத்துவது யார், அவர்கள் சொல் உங்கள் மகளின் நான்கு வருஷத்தில் எங்கெங்கே வந்து நிற்கும்?

அதற்கு முன்னால் உங்கள் மைத்துனர் சொன்ன ஒன்றைச் சரிசெய்துவிடுகிறேன். “பேலரில் பயாலஜி சேர்ந்தால் அப்படியே அவர்களுடைய மெடிக்கல் காலேஜுக்குப் போய்விடலாம்” என்றாராம். ஹூஸ்டனில் இருக்கும் பேலர் காலேஜ் ஆஃப் மெடிசின் 1969லேயே தனியாகப் பிரிந்துபோய்விட்டது. நிர்வாகம் வேறு, அட்மிஷன் வேறு. உங்கள் மகளுக்கு இடம் கிடைத்திருப்பது வேக்கோ ஊரில், டாலஸுக்கும் ஆஸ்டினுக்கும் நடுவே. பெயர் ஒன்று என்பதால் கதவும் ஒன்று என்று நினைக்காதீர்கள். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் பெரும்பாலானவை வெளிநாட்டு மாணவர்களை எடுப்பதில்லை, எடுப்பவையும் ஒரு சிலரைத்தான் எடுக்கின்றன. டாக்டர் ஆவதுதான் குறி என்றால் இந்த ரூட்டையே மறுபடி யோசிக்க வேண்டும். ஆராய்ச்சி என்றால் தொடர்ந்து படியுங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். “நம்ம லயோலா, லேடி டோக் மாதிரித்தானே?” என்று கேட்டீர்கள். பாதி சரி. மாணவர்களைப் பொறுத்தவரை அப்படித்தான், எந்த மதத்தவரும் சேரலாம். ஆசிரியர் விஷயத்தில் அப்படி இல்லை. நம்மூர்க் கிறிஸ்தவக் கல்லூரியில் தமிழ்த் துறைத் தலைவர் விபூதி பூசிக்கொண்டு வகுப்பெடுப்பார், யாரும் ஏன் என்று கேட்பதில்லை. எய்டட் பிரிவு என்றால் சம்பளமே அரசாங்கத்திலிருந்து வரும். பேலரில் முழுநேரப் பேராசிரியர் வேலைக்கு விண்ணப்பிப்பவரிடம் படிப்பு, பப்ளிகேஷனோடு இறைநம்பிக்கை பற்றியும் கேட்பார்கள். கிறிஸ்தவராக இருக்க வேண்டும், யூதர்களும் சிலர் உண்டு. அமெரிக்கச் சட்டம் மத நிறுவனங்களுக்கு அந்த விலக்கைத் தந்திருக்கிறது. ஆகவே உங்கள் மகளுக்கு மைக்ரோபயாலஜி நடத்தப்போகிறவரும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லித்தான் உள்ளே வந்திருப்பார்.

அப்படியானால் சர்ச்தான் நடத்துகிறதா? இல்லை. இங்கேதான் பேலரின் கதை சுவாரஸ்யமானது. டெக்சாஸ் தனி நாடாக இருந்தபோது, 1845இல், அந்த நாட்டின் நாடாளுமன்றம் தந்த சாசனத்தோடு பாப்டிஸ்டுகள் (புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்களில் ஒரு பிரிவினர்) தொடங்கியது. டெக்சாஸில் தொடர்ந்து நடந்துவரும் பல்கலைக்கழகங்களில் இதுதான் மூத்தது. அறங்காவலர்களை டெக்சாஸ் பாப்டிஸ்ட் சபைகளின் பொது அமைப்புதான் தேர்ந்தெடுத்து அனுப்பிக்கொண்டிருந்தது. 1979க்குப் பிறகு அமெரிக்காவின் தெற்கத்திய பாப்டிஸ்ட் சபைகளின் (டெக்சாஸ் சபைகளும் அதில் சேர்ந்தவைதான்) தலைமையைக் கடும்போக்கினர் வருஷத்துக்கு வருஷம் கைப்பற்றிக்கொண்டே வந்தார்கள். அடுத்தது நாம்தான் என்று பேலருக்குப் பயம். 1990 செப்டம்பரில் அறங்காவலர்களே கூடி சாசனத்தைத் திருத்திவிட்டார்கள். ரீஜென்ட்ஸ் என்ற புதுக் குழு. அதில் முக்கால்வாசிப் பேரைக் குழுவே தேர்ந்தெடுத்துக்கொள்ளும், கால்வாசியைத்தான் சபை அமைப்பு தேர்ந்தெடுக்கும். மாமனார் வீட்டில் இருந்துகொண்டே தனிச் சமையல் வைத்த மாதிரி. உறவு முறியவில்லை, சாவிக்கொத்து மட்டும் இடுப்பு மாறிவிட்டது.

அந்த ரீஜென்ட்ஸ் குழுதான் இன்றைக்கும் மேலிடம். தலைவரை நியமிப்பதும் நீக்குவதும் அவர்கள். 2017லிருந்து தலைவர் லிண்டா லிவிங்ஸ்டன், அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். அவருக்குக் கீழே ப்ரோவோஸ்ட் (கல்வி விவகாரங்களுக்குத் தலைமை அதிகாரி), டீன்கள், துறைத் தலைவர்கள். ஆசிரியர்களுக்கு செனட் என்ற பேரவை உண்டு. செனட்டால் தலைவரை இறக்க முடியாது, ஆனால் நம்பிக்கையில்லாத் தீர்மானம் போட்டுக் குடைச்சல் கொடுக்கலாம். இருபது வருஷத்துக்கு முன் ராபர்ட் ஸ்லோன் என்ற தலைவருக்கு அப்படித்தான் ஆனது. பேலரைப் பெரிய ஆராய்ச்சி நிலையமாக்க வேண்டும், கிறிஸ்தவ அடையாளத்தையும் இறுக்க வேண்டும், இரண்டும் ஒரே சமயத்தில் என்று வேகமாகப் போனார். செனட் அவர் மேல் நம்பிக்கையில்லை என்று வாக்களித்தது. 2005இல் பதவியை விட்டு இறங்கினார். ஆனால் அவர் போட்ட விதை முளைத்தது: 2021 டிசம்பரில் பேலருக்கு ஆர்1 என்ற உயர் ஆராய்ச்சித் தகுதி கிடைத்தது.

அந்தத் தகுதி சும்மா வருவதில்லை. ஆராய்ச்சிச் செலவும், வெளியே வரும் பிஎச்டிக்களின் எண்ணிக்கையும் வேண்டும். ஹார்வர்டோடும், கருத்துக்கணிப்பு நடத்தும் கேலப் நிறுவனத்தோடும் சேர்ந்து, இந்தியா உட்பட 22 நாடுகளில் 2,00,000 பேருக்கு மேல் வைத்து ‘மனிதர் நன்றாக வாழ்வது எதனால்’ என்று நடத்தும் ஆய்வில் பேலருக்கு முக்கியப் பங்கு. எனவே “பைபிள் ஸ்கூல்தானே” என்று உங்கள் ஆபீஸில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அதே சமயம் இரண்டு குதிரைச் சவாரி எங்கே இடறும் என்பதையும் சொல்கிறேன். 2025 கோடையில் சமூகப்பணித் துறைக்கு ஓர் அறக்கட்டளை 6,40,000 டாலருக்கு மேல் கொடுத்தது. தன்பாலின ஈர்ப்புள்ளவர்களையும் பெண்களையும் சபைகள் ஏன் ஒதுக்குகின்றன, எப்படிச் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஆராய. செய்தி வெளியானதும் பாப்டிஸ்ட் வட்டாரத்தில் கடும் எதிர்ப்பு. சில நாளிலேயே பணத்தைத் திருப்பிக் கொடுப்பதாகத் தலைவர் அறிவித்தார். நீங்கள் எந்தப் பக்கமாக இருந்தாலும் சரி, இதிலிருந்து ஒன்று தெரிகிறது: சில தலைப்புகளில் ஆராய்ச்சி எவ்வளவு தூரம் போகலாம் என்பதைத் துறை மட்டும் முடிவு செய்வதில்லை. பாக்டீரியா படிக்கிற பிள்ளைக்கு இது குறுக்கே வராது. சமூகவியல் பக்கம் போகிற பிள்ளையாக இருந்தால் நானே யோசிக்கச் சொல்லியிருப்பேன்.

பெண்ணைப் பெற்றவர், அதனால் 2016ஐயும் மறைக்க மாட்டேன். மாணவிகள் கொடுத்த பாலியல் வன்முறைப் புகார்களைப் பல்கலைக்கழகம் சரியாகக் கையாளவில்லை என்று வெளி வழக்கறிஞர்கள் விசாரித்துச் சொன்னார்கள். அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் நீக்கப்பட்டார். தலைவர் கென் ஸ்டாரும் பதவி இழந்தார் (கிளின்டனைத் துருவித் துருவி விசாரித்த அதே ஸ்டார்தான்). 105 பரிந்துரைகள் வந்தன, அமைப்பையே மாற்றினார்கள். ஆக, பக்தியுள்ள இடம் என்பதால் தானாகவே பாதுகாப்பான இடம் என்று நினைக்க வேண்டாம். புகார் வந்தால் எந்த அலுவலகம், எத்தனை நாளில் என்று உங்கள் மகளையே மெயிலில் கேட்கச் சொல்லுங்கள். டெக்சாஸில் அரசுப் பல்கலைக்கழக வளாகங்களில் உரிமம் உள்ளவர்கள் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். தனியார் என்பதால் பேலர் அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

இனி அவள் அன்றாடம் பார்க்கப்போவது. இரண்டு செமஸ்டர் சேப்பல், அதாவது வளாகத்தில் நடக்கும் வழிபாட்டுக் கூட்டம். கிரெடிட் கிடையாது, ஆனால் முடிக்காமல் பட்டமும் கிடையாது. பைபிள் பற்றி ஒரு பேப்பர், கிறிஸ்தவ வரலாறு பற்றி ஒரு பேப்பர். இவற்றுக்கு மார்க் உண்டு, ஜிபிஏ என்ற மார்க் சராசரியில் சேரும். நம்ப வேண்டும் என்று யாரும் கேட்க மாட்டார்கள், படித்து எழுத வேண்டும். முதல் வருஷம் வளாக விடுதியில்தான் இருக்க வேண்டும், ஆண்கள் அறைக்கு வர நேரக் கட்டுப்பாடு உண்டு (இதைப் படித்ததும் உங்கள் முகம் மலர்ந்திருக்கும்). வளாகத்திலேயே உயிருள்ள கரடிகளை வளர்க்கிறார்கள். செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு ஐஸ்கிரீம் மிதக்கும் டாக்டர் பெப்பர் கொடுப்பார்கள், அந்தப் பானம் பிறந்ததே வேக்கோவில்தான். வளாகத்தில் நடனமே கூடாது என்ற தடையை 1996இல்தான் நீக்கினார்கள். அங்கே எதுவும் ஒரே நாளில் மாறாது, மாறாமலும் இருக்காது.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஃபீஸ். மாநில அரசு நடத்தும் பல்கலைக்கழகம் இல்லை என்பதால் மாணவர் கட்டணமும் நன்கொடையும் மூலதன நிதியின் வருமானமும்தான் முக்கிய வரவு. கல்விக் கட்டணம் மட்டுமே வருஷத்துக்கு 50,000 டாலரைத் தாண்டும், விடுதியும் சாப்பாடும் தனி. அவள் கடிதத்தில் பெரிய எழுத்தில் ஸ்காலர்ஷிப் தொகை இருக்கிறது. எந்த ஜிபிஏவுக்குக் கீழே போனால் அது நிற்கும், கட்டணம் கூடினால் அதுவும் கூடுமா என்பது சின்ன எழுத்தில் இருக்கும். மதம் மாற்றுவார்களா என்பதைவிட எனக்கு அந்தச் சின்ன எழுத்துதான் பயம். வியாழக்கிழமை வரும்போது கடிதத்தை முழுசாகப் பிரின்ட் எடுத்துக்கொண்டு வாருங்கள். முதல் பக்கம் மட்டும் போதாது. பாப்பாவும் கூட வரட்டும்.