நாலரை ஏக்கர் தோட்டத்துக்குப் பழைய டிராக்டர் வாங்கலாமா?

கேள்வி: அண்ணா, வணக்கம்ங்க. பெருந்துறைப் பக்கம் எங்களுக்கு நாலரை ஏக்கர் தோட்டம். கீழ்பவானி வாய்க்கால் தண்ணீர் வரும், ஒரு கிணறும் உண்டு. இரண்டரை ஏக்கரில் தென்னை இருக்கிறது. மீதி இரண்டு ஏக்கரில் மஞ்சள், மக்காச்சோளம், மாட்டுக்குச் சோளத்தட்டு என்று மாற்றி மாற்றிப் போடுகிறோம். உழவுக்கு வாடகை வண்டிதான், ஆனால் கூப்பிட்ட நாளில் வருவதே இல்லை. பக்கத்து ஊரில் 1998 மாடல் மாஸி ஃபெர்குசன் 1035 டிராக்டர் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 1,80,000 ரூபாய் சொல்கிறார்கள். கலப்பை, ரோட்டாவேட்டர் (மண்ணைப் பொடியாக்கும் கருவி) எதுவும் சேராது. வாடகைக்கு ஓட்டும் எண்ணம் இல்லை, வீட்டு வேலைக்கு மட்டும்தான். அப்பா வாங்கிவிடலாம் என்கிறார். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. என்ன செய்யட்டும்?

பதில்: தம்பி, வண்டியைப் பார்க்கப் போவதற்கு முன் ஒரு தாளை எடுத்து, உங்கள் தோட்டத்தில் வருடத்துக்கு எத்தனை மணி நேரம் வண்டி ஓடுகிறது என்று எழுதிப் பாருங்கள். நீங்கள் சொன்னதை வைத்து நானே போட்டுப் பார்த்தேன். தென்னைக்குள் வருடம் மூன்று உழவு, ஏக்கருக்கு ஒரு மணி என்றால் எட்டு மணி நேரம். இரண்டு ஏக்கரில் கொத்துக் கலப்பை, ரோட்டாவேட்டர், பார் பிடிப்பது எல்லாம் சேர்த்து, இரண்டு பட்டத்துக்கு, அதாவது இரண்டு விதைப்புப் பருவத்துக்கு, பதினாறு மணி. எரு அடிக்க, தட்டு ஏற்ற, தேங்காய் கொண்டுவர இன்னொரு பத்து மணி. ஆக மொத்தம் 35 மணியைத் தாண்டாது. உங்கள் பக்கம் மணிக்கு 1,200 ரூபாய் வாடகை என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 42,000 ரூபாய்.

இப்போது சொந்த வண்டிக் கணக்கு. 1,80,000 என்பது வெறும் வண்டிக்கு. பழைய ஒன்பது கொத்துக் கலப்பை, பழைய ரோட்டாவேட்டர், வாங்கியதும் வரும் முதல் பட்டறைச் செலவு எல்லாம் சேர்த்தால் மூன்று லட்சம் வந்து நிற்கும். எரு அடிக்க டிரெய்லர் வேண்டுமானால் அது தனி. மூன்று லட்சத்துக்கு எட்டு சதவீத வட்டி போட்டாலே வருடம் 24,000. டீசல் மணிக்கு மூன்றரை லிட்டர் வைத்தால் 35 மணிக்கு ஏறக்குறைய 12,000 ரூபாய். ஆயில், ஃபில்டர், கிரீஸ் 5,000. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஓடிய வண்டிக்குப் பேட்டரி, டயர், ரிப்பேர் என்று சராசரியாக வருடம் 15,000 ஒதுக்காமல் இருக்க முடியாது. இன்ஷூரன்ஸும் உண்டு. கூட்டிப் பார்த்தால் 60,000 பக்கம் வரும். வாடகையைவிட வருடம் பதினைந்து, இருபதாயிரம் கூடுதல்.

ஆகவே பணம் மிச்சமாகும் என்று நினைத்து வாங்க வேண்டாம். அப்படியானால் அந்தக் கூடுதல் பணத்துக்கு என்ன கிடைக்கிறது? பதம் கிடைக்கிறது, அதாவது மண் சரியான ஈரத்தில் இருக்கும்போதே உழ முடிகிறது. மழை பெய்த பிறகு செம்மண்ணில் உழவுக்கான பதம் இரண்டு மூன்று நாள்தான் நிற்கும். வாய்க்காலில் தண்ணீர் விட்ட வாரத்தில் ஊரே ஒரே வண்டிக்காரருக்கு ஃபோன் போடும். உங்கள் முறை வருவதற்குள் மண் காய்ந்து கட்டியாகிவிடும், இல்லையென்றால் களை முழங்கால் உயரம் வந்துவிடும். கடந்த ஐந்து வருடத்தில் வண்டி வராததால் பட்டம் தவறிய வருடம் எத்தனை என்று அப்பாவைக் கேளுங்கள். இரண்டு தடவை மகசூல் அடிபட்டிருந்தால், வருடம் இருபதாயிரம் அதிகம் கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. இரண்டு நாள் தள்ளிப்போனதோடு சரி என்றால் வேண்டாம். வண்டிக்காரருக்குப் பட்டத்துக்கு முன்பே கொஞ்சம் அட்வான்ஸ் கொடுத்து நாளைப் பிடித்துவையுங்கள். வேளாண் பொறியியல் துறை வண்டியையும் உழவன் செயலி வழியாகப் பதிவு செய்யலாம், வாடகை தனியாரைவிடக் குறைவு.

இன்னொரு விஷயம். வீட்டில் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர் யாராவது இருக்கிறாரா? பழைய வண்டியில் ஒரு நாள் டீசல் ஏறாது, ஒரு நாள் செல்ஃப் எடுக்காது. டீசல் குழாயில் புகுந்த காற்றை எடுத்துவிட, ஃபில்டர் மாற்ற, ஃபேன் பெல்ட் போடத் தெரிந்தால் அதே வண்டி லட்சுமி. ஒவ்வொன்றுக்கும் மெக்கானிக்கைக் கூப்பிட்டால் வாடகை வண்டிக்காரருக்குக் காத்திருந்தது போய் மெக்கானிக்குக் காத்திருக்க வேண்டியதாகிவிடும்.

இதையெல்லாம் யோசித்த பிறகும் வாங்குவது என்று முடிவானால், நீங்கள் சொன்ன மாடல் நல்ல தேர்வுதான். மூன்று சிலிண்டர் சிம்ப்சன் இன்ஜின். சென்னைக்காரர்களின் வண்டி, இதைச் செய்யும் டேஃபே நிறுவனம் 1960ல் தொடங்கியது. ஈரோடு, கோபி, தாராபுரம் எங்கே போனாலும் ஸ்பேர் கிடைக்கும், கை வைக்கத் தெரிந்த மெக்கானிக்கும் கிடைப்பார். பழைய வண்டி எடுக்கும்போது எந்த பிராண்ட் உசத்தி என்று பார்ப்பதைவிட, நம் ஊரில் எதற்குப் பட்டறை இருக்கிறது என்று பார்ப்பதே சரி. எச்எம்டி வண்டி மலிவாக வருகிறது என்று சிலர் கேட்கிறார்கள். அந்த நிறுவனம் டிராக்டர் செய்வதையே 2016ல் நிறுத்திவிட்டது. ஸ்பேருக்கு அலைய முடியுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

வண்டி இதுவரை எங்கே என்ன வேலை பார்த்தது என்பதுதான் எனக்கு மாடலைவிட முக்கியம். காங்கேயம், மூலனூர் பக்கம் மேட்டுக்காட்டில் கலப்பை மட்டும் ஓட்டிய வண்டி முப்பது வருடம் ஆனாலும் உறுதியாக இருக்கும். கோபிப் பக்கம் தடப்பள்ளி வாய்க்கால் வயலில் வருடா வருடம் சேறு அடித்த வண்டி என்றால், ஆக்சில் சீல் வழியாகத் தண்ணீர் உள்ளே போயிருக்கும், பிரேக்கும் போயிருக்கும். பின் ஆக்சிலின் டிரெய்ன் நட்டைக் கழற்றிக் கொஞ்சம் ஆயில் எடுத்துப் பாருங்கள். பால் ஊற்றிய காப்பி நிறத்தில் இருந்தால் விலையைப் பேச வேண்டாம், திரும்பி வந்துவிடுங்கள். கரும்பு லோடு அடித்த வண்டியில் பின்னால் கொக்கி மாட்டும் ஓட்டை தேய்ந்து முட்டை வடிவமாகியிருக்கும், கிளட்சும் கியர்பாக்ஸும் களைத்திருக்கும். மக்காச்சோளம் உதிர்க்கும் மெஷினில் மாட்டி நின்ற இடத்திலேயே ஓட்டிய வண்டிக்கு டயர் புதிதாக இருக்கும், ஆனால் இன்ஜின் தேய்ந்திருக்கும். டயரைப் பார்த்து ஏமாறக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். மணி மீட்டர் பெரும்பாலும் வேலை செய்யாது. கிளட்ச் பெடலின் தேய்மானம் உண்மையைச் சொல்லும்.

நான் ஒரு தடவை இதில் பட்டிருக்கிறேன். பழைய வண்டி வாங்கி விற்கும் ஒரு கன்சல்டிங்கில் வண்டி பார்க்கப் போனேன். நான் போய்ச் சேரும்போதே இன்ஜினை ஓட்டி வைத்திருந்தார்கள். சாவியைத் தொட்டதும் பிடித்தது, புகையே இல்லை, பெயின்ட் பளபளவென்று இருந்தது. பத்தே நாளில் காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை, ஆனபோது நீலப் புகை. ஆயிலை இறக்கிப் பார்த்த மெக்கானிக், புகையை மறைக்கக் கெட்டி ஆயில் ஊற்றியிருக்கிறார்கள் என்றார். லைனர், பிஸ்டன், ரிங், ஹெட் வேலை எல்லாம் செய்து முடிக்க அந்த வருட மஞ்சள் பணத்தில் பாதி போய்விட்டது. வீட்டில் எல்லோருக்கும் அது பெரிய வலி.

அதனால் காலை ஆறு மணிக்குச் சொல்லாமல் போங்கள். பானட்டைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். குளிர்ந்த இன்ஜின் தானாகப் பிடிக்க வேண்டும். தொடங்கியதும் கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து நின்றால் பரவாயில்லை. நிற்காமல் வெள்ளை வந்தால் ஹெட் கேஸ்கட்டோ, டீசல் தெளிக்கும் நாசிலோ, நீலம் என்றால் ஆயில் எரிகிறது. ஏற்றத்தில் மட்டும் கறுப்பு என்றால் பெரும்பாலும் பம்ப், நாசில், ஏர் ஃபில்டர் வேலை, அது சமாளிக்கக்கூடிய செலவு. இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று புகை தள்ளுகிறதா பாருங்கள், தள்ளினால் ரிங் போய்விட்டது. அப்புறம் ரோட்டாவேட்டரை மாட்டித் தூக்கி ஐந்து நிமிடம் வையுங்கள். தூக்கிய இடத்தில் நிற்காமல் குலுங்கிக் குலுங்கி ஏறி இறங்கினால் ஹைட்ராலிக்கில் வேலை இருக்கிறது. கடைசியாக மண்ணில் கலப்பையை இறக்கி அரை மணி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். லோடு இல்லாமல் எல்லா வண்டியும் நல்ல வண்டியாகத்தான் தெரியும்.

பின் டயர் ஜோடி மாற்ற முப்பதாயிரத்துக்குக் குறையாது. தேய்ந்திருந்தால் அதை விலையில் கழித்துப் பேசுங்கள்.

வாங்கிய பிறகு ஒன்று, இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். பிடிஓ (ரோட்டாவேட்டர் போன்ற கருவிகளைச் சுழற்றும் பின்பக்க ஷாஃப்ட்) சுழலும்போது வேட்டியோ லுங்கியோ கட்டிக்கொண்டு பக்கத்தில் போகாதீர்கள். ஷாஃப்ட்டுக்கு மூடி இல்லையென்றால் முதல் வேலையாக அதைப் போடுங்கள். மட்கார்டில் குழந்தைகளை உட்கார வைத்துத் தோட்டத்துக்குக் கூட்டிப்போகும் பழக்கம் நம் எல்லா ஊரிலும் இருக்கிறது. உங்கள் வீட்டில் அது வேண்டாம். பழைய வண்டிகளில் கவிழ்ந்தால் ஓட்டுகிறவரைக் காப்பாற்றும் வளைவுக் கம்பி கிடையாது. வரப்பு ஏறும்போது நிதானம் வேண்டும்.

கேள்வி: அண்ணாங்க, காங்கேயம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். போன வருடம் என் வீட்டுக்காரர் ஒரு கன்சல்டிங்கில் 1,40,000 ரூபாய்க்குப் பழைய டிராக்டர் எடுத்தார். ஆர்சி புக் இன்னும் பழைய ஓனர் பெயரிலேயே இருக்கிறது. கையெழுத்துப் போட்ட பெயர் மாற்றப் படிவம் 29, 30 மட்டும் கொடுத்தார்கள். நம்ம காட்டுக்குள்தானே ஓடுகிறது, பெயர் மாற்றி என்ன ஆகப் போகிறது என்கிறார். இன்ஷூரன்ஸும் இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

பதில்: அம்மணி, உங்கள் பயம் சரியானது. காட்டுக்குள் மட்டும்தான் ஓடுகிறது என்பார்கள், ஆனால் டீசல் போட, பட்டறைக்குப் போக, ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போக ரோட்டில் ஏறித்தானே ஆக வேண்டும்? ரோட்டில் ஏறிய நொடியிலிருந்து மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். இன்ஷூரன்ஸ் இல்லாமல் யாருக்காவது அடிபட்டால் நஷ்ட ஈட்டைக் கைக்காசிலிருந்துதான் கட்ட வேண்டும். காட்டை விற்கும் நிலை வந்துவிடும். நாளைக்கே அதைப் போடுங்கள்.

பெயர் மாற்றத்துக்குப் பழைய ஓனரை நேரில் பாருங்கள். விபத்து நடந்தால் ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் பொறுப்பு என்று 2018ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இதைப் பக்குவமாக எடுத்துச் சொன்னால் அவரே ஆர்டிஓ அலுவலகத்துக்கு உங்களுடன் வருவார், ஏனென்றால் ஆபத்து அவருக்கும் இருக்கிறது. அவர் காலமாகிவிட்டிருந்தால் 29, 30 செல்லாது. வாரிசு பெயருக்குப் படிவம் 31ல் மாற்றி, பிறகுதான் உங்கள் பெயருக்கு வரும். புக்கில் ஹெச்.பி. (வண்டி மேல் வங்கிக் கடன் இருப்பதாகப் பதிவு) இருந்தால் வங்கியிடம் தடையில்லாச் சான்றும் படிவம் 35ம் வாங்க வேண்டும். வண்டி 15 வருடம் தாண்டியது என்றால் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை ஆர்சி புதுப்பித்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். வாகனப் பதிவு விவரம் தரும் அரசின் பரிவாஹன் இணையதளத்தில் வண்டி நம்பரைப் போட்டால் இவற்றில் பெரும்பாலானவை தெரிந்துவிடும். புக்கில் இருக்கும் சேசிஸ் நம்பரும் வண்டியில் பொறித்த நம்பரும் ஒன்றுதானா என்று நேரில் ஒப்பிடுங்கள்.

கன்சல்டிங்காரர் கை விரித்தால் விடாதீர்கள். தனி ஆளிடம் வாங்கியிருந்தால் நுகர்வோர் சட்டம் உங்களுக்கு உதவாது. ஆனால் விற்பதையே தொழிலாகச் செய்கிறவரிடம் சொந்தப் பண்ணையத்துக்கு வாங்கியதால் நீங்கள் நுகர்வோர்தான். முதலில் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதிவு செய்யுங்கள். நடக்கவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, ஆனால் இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். உங்களுக்கு ஒரு வருடம் முடிந்துவிட்டது. பணம் கொடுத்ததற்கு ரசீது இல்லையென்றாலும் வங்கிக் கணக்கு வழியாகப் போன பணம், ஃபோனில் வந்த மெசேஜ் எல்லாம் சாட்சிதான், எதையும் அழிக்காதீர்கள்.

கேள்வி: பொள்ளாச்சி பக்கம் மூன்று ஏக்கர் தென்னை, இடையில் ஜாதிக்காய் வைத்திருக்கிறோம். பழைய பெரிய டிராக்டரா, கடன் வாங்கிப் புதிய மினி டிராக்டரா?

பதில்: ஊடுபயிர் இருக்கும் தோப்பில் பெரிய வண்டி திரும்பவே சிரமம், ஜாதிக்காய்க் கிளை ஒடிந்துகொண்டே இருக்கும். மினிதான் என் பேச்சு. பழைய வண்டிக்கு மானியம் கிடையாது, புதியதற்கு உண்டு. வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் 50 சதவீதம் வரை, மற்றவர்களுக்கு 40 சதவீதம் வரை, எல்லாம் உச்சவரம்புக்கு உட்பட்டு. தாசில்தாரிடம் சிறு குறு விவசாயி சான்று வாங்கிக்கொண்டு, வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் முதலில் விண்ணப்பம் கொடுங்கள். வண்டியை எடுத்துவிட்டுப் பிறகு மானியம் கேட்டால் கிடைக்காது. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. டீலர் கொடுக்கும் விலைப்பட்டியலில் அந்த 5 சதவீதம்தான் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். டீலரிடம் போவதற்கு முன், தென்னைக்கும் ஜாதிக்காய்க்கும் நடுவே இருக்கும் மிகக் குறுகலான இடத்தை டேப் வைத்து அளந்து, அந்த அளவை எழுதிக்கொண்டு போங்கள்.