சமூகப் பாதுகாப்பு வேலைக்குப் போக ஆசைப்படும் மகளின் அப்பாவுக்கு

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் பி.ஏ. பொருளாதாரம் இறுதியாண்டு. வங்கித் தேர்வுப் பயிற்சிக்கு நீங்கள் பணம் கட்டப் போகிற நேரத்தில், "நான் சமூகப் பாதுகாப்புக் கொள்கை நிபுணராகப் போகிறேன், ஐ.நா. மாதிரி அமைப்புகளில் வேலை" என்று சொல்லியிருக்கிறாள். நீங்கள் என்னிடம் கேட்டிருப்பது இது: "தாலுகா ஆபீஸில் ஒரு அறைக்கு வெளியே 'சமூகப் பாதுகாப்புத் திட்டம்' என்று பலகை இருக்கும். அந்த வேலையா? அதற்கு எதற்கு வெளிநாடு?"

உங்கள் ஊகம் கிட்டத்தட்ட சரிதான். முதியோர், கைம்பெண்கள், மாற்றுத்திறனாளிகளின் உதவித்தொகை மனுக்களைப் பார்க்கும் தனி வட்டாட்சியர் உட்காரும் அறை அது. மனு அவர் மேசைக்கு வருவதற்கு முன்னாலேயே சில கேள்விகளுக்கு யாரோ பதில் எழுதியாக வேண்டும். யாருக்குக் கொடுப்பது? எவ்வளவு? யார் பணம்? எந்த வழியாகக் கைக்குப் போய்ச் சேரும்? கிடைக்காதவர் எங்கே போய்க் கேட்பார்? உங்கள் மகள் போக நினைப்பது இந்தக் கேள்விகள் இருக்கும் இடத்துக்கு.

நம்மூர் முதியோர் பணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1962-இல் மாதம் 20 ரூபாயில் ஆரம்பித்தது. 2023-இல் 1,200 ரூபாய் ஆனது. அதில் 60 முதல் 79 வயது வரை உள்ளவர்களுக்கு மத்திய அரசின் பங்கு வெறும் 200 ரூபாய், அதுவும் பல வருடங்களாக நகரவே இல்லை. மீதி மாநிலம் போடுவது. ஆனால் மத்திய அரசு பங்கு கொடுப்பது வறுமைக்கோட்டுப் பட்டியலுக்குள் வருபவர்களுக்கு மட்டும். பட்டியலுக்கு வெளியே இருக்கும் ஒரு பாட்டியை மாநிலம் சேர்த்துக்கொண்டால் முழுத் தொகையும் மாநிலத்தின் தலையில் விழும். சேர்க்கலாமா, சேர்த்தால் பத்து வருடத்தில் எவ்வளவு ஆகும், அப்போது முதியோர் எண்ணிக்கை எவ்வளவு இருக்கும்? இதை எக்செல் தாளில் போட்டு நிதித்துறைக்காரர் முன்னால் வைத்து வாதாடுகிறவர்தான் நீங்கள் கேட்ட 'கொள்கை நிபுணர்'. நேபாளத்தில் 1995-இல் 75 வயது தாண்டிய எல்லோருக்கும் மாதம் 100 ரூபாய் என்று தொடங்கினார்கள். அங்கே வறுமைப் பட்டியல் கிடையாது, வயது மட்டும்தான் கணக்கு. எது சரி என்று இந்தத் துறைக்காரர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். என்னைக் கேட்டால் நேபாளத்துப் பக்கம் சாய்வேன். அதற்கான காரணம் அடுத்த உதாரணத்தில் இருக்கிறது.

கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு உங்கள் வீட்டிலும் யாராவது மனு போட்டிருப்பார்கள். ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நன்செய் ஐந்து ஏக்கர் அல்லது புன்செய் பத்து ஏக்கருக்குள், மின்சாரம் வருடத்துக்கு 3,600 யூனிட்டுக்குள் என்று நிபந்தனைகள் போட்டிருந்தார்கள். கரண்டு பில்லுக்கும் வறுமைக்கும் என்ன சம்பந்தம் என்று டீக்கடையில் பேசிக்கொண்டோம், நினைவிருக்கிறதா? சம்பந்தம் இருக்கிறது. மாதச் சம்பளக்காரரைத் தவிர வேறு யாருடைய வருமானத்தையும் அரசால் சரிபார்க்க முடியாது. மின் இணைப்பு எண்ணும் வாகனப் பதிவும் அரசின் கையில் ஏற்கெனவே இருக்கின்றன. அதனால் தெரியாத வருமானத்துக்குப் பதிலாகத் தெரிந்த ஒன்றை வைத்து ஊகிக்கிறார்கள். சுமார் 1.63 கோடி மனுக்கள் வந்தன. 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கியபோது 1.06 கோடிப் பெண்களுக்குப் பணம் போனது. மற்றவர்களுக்கு மேல்முறையீடு செய்ய வழி வைத்தார்கள்.

ஊகம் என்றால் தப்பும் வரும். கூட்டுக் குடும்பம், ஒரே மீட்டர், மூன்று அடுப்பு. யூனிட் எகிறிவிடும், மூன்று வீடும் ஏழை வீடாக இருந்தாலும். கிடைக்க வேண்டியவருக்குக் கிடைக்காமல் போவது விடுபடல் பிழை, வேண்டாதவருக்குப் போவது சேர்ப்புப் பிழை. ஒன்றைக் குறைக்கப் போனால் மற்றது கூடும். இந்தத் தொழிலில் பாதி தலைவலி இதுதான்.

இலங்கையில் இது எவ்வளவு பெரிய விஷயமானது என்று பாருங்கள். 1995 முதல் இருந்த சமுர்த்தி என்ற ஏழைக் குடும்ப உதவித் திட்டத்துக்குப் பதிலாக 2023-இல் 'அஸ்வெசும' வந்தது. வீடு, சொத்து, படிப்பு, நோய் என்று 22 குறியீடுகளை வைத்துக் குடும்பங்களுக்கு மதிப்பெண் போட்டு நான்கு படிகளாகப் பிரித்தார்கள். உலக வங்கியின் ஆதரவும் அதற்கு இருந்தது. பட்டியல் வெளியானதும் முறையீடுகளும் ஆட்சேபங்களும் லட்சக்கணக்கில் குவிந்தன. பக்கத்து வீட்டுக்காரிக்கு ஏன் கிடைத்தது, எனக்கு ஏன் கிடைக்கவில்லை என்பதற்குப் பிரதேச செயலகத்தில் இருந்தவர்களால் பதில் சொல்ல முடியவில்லை. மதிப்பெண்ணைப் போட்டது கம்ப்யூட்டர். கொழும்பில் ஒரு அறையில் எழுதப்பட்ட சூத்திரத்துக்கு வவுனியாவிலும் நுவரெலியாவிலும் கிராம அலுவலர்கள் திட்டு வாங்கினார்கள். உங்கள் மகள் இந்த வேலைக்குப் போனால், அந்தச் சூத்திரம் எழுதுகிற அறையில் ஒரு நாற்காலி அவளுக்கும் இருக்கும். பெருமை எவ்வளவோ அவ்வளவு பொறுப்பும் உண்டு.

இனி என் வீட்டுக் கதை ஒன்று. என் சித்தி நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். மூன்று மாதம் கூலி வரவில்லை. வங்கியில் கேட்டால் வரவில்லை என்கிறார்கள், ஊராட்சியில் கேட்டால் அனுப்பியாயிற்று என்கிறார்கள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. எப்போதோ மகளிர் குழுக் கடனுக்காக வேறொரு வங்கியில் கணக்கு திறந்தபோது ஆதாரை அங்கே இணைத்திருக்கிறார்கள். ஆதார் வழியாகப் போகும் பணம் கடைசியாக இணைத்த கணக்குக்குத்தான் போகும். மூன்று மாதக் கூலியும் அந்த மறந்துபோன கணக்கில் பத்திரமாக இருந்தது. இதைக் கண்டுபிடிக்க எனக்கே ஒரு வாரம் ஆனது. படிக்காத ஒரு அம்மாவுக்கு எத்தனை நாள் ஆகும்? இந்த ஒரு கோளாறைப் புரிந்துகொண்டு, அது எத்தனை பேருக்கு நடக்கிறது என்று எண்ணி, சரிசெய்யும் வழியை இரண்டு பக்கத்தில் எழுதத் தெரிந்த பெண்ணுக்கு இந்தத் துறையில் வேலை உண்டு. ஜெனீவாவில் வளர்ந்த பிள்ளைக்கு இது தெரியாது. ரேஷன் கடை வரிசையில் நின்று வளர்ந்த உங்கள் மகளுக்குத் தெரியும்.

வேலை தருபவர்கள் யார் என்று கேட்டீர்கள். ஐ.எல்.ஓ. என்கிற பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்புதான் இதில் மூத்தது. 1952-இல் சமூகப் பாதுகாப்புக்கான குறைந்தபட்ச அளவுகோல்களை உடன்படிக்கையாகக் கொண்டுவந்தது, 2012-இல் எல்லா நாட்டிலும் எல்லோருக்கும் ஒரு அடிப்படைத் தளமாவது வேண்டும் என்று பரிந்துரை செய்தது. அதன் 2024 அறிக்கைப்படி உலக மக்களில் 52.4 சதவீதம் பேருக்குத்தான் ஏதாவது ஒரு உதவியாவது கிடைக்கிறது. யுனிசெஃப் குழந்தைகள் பக்கத்தைப் பார்க்கிறது, சென்னையிலேயே அலுவலகம் உண்டு. உலக உணவுத் திட்டம், உலக வங்கி, அப்புறம் ஆக்ஸ்ஃபோர்ட் பாலிசி மேனேஜ்மென்ட், மைக்ரோசேவ் போன்ற ஆலோசனை நிறுவனங்கள். ஒரு சிறு எச்சரிக்கை: சென்னை தரமணியில் உலக வங்கிக்குப் பெரிய கட்டடம் இருக்கிறது. அங்கே நடப்பது பெரும்பாலும் கணக்கு, நிர்வாகம், ஐ.டி. வேலைகள். அங்கே வேலை கிடைத்துவிட்டால் இந்தத் துறைக்குள் நுழைந்துவிட்டோம் என்று எண்ணிவிடாதீர்கள்.

இப்போது உங்களுக்குப் பிடிக்காத பகுதி. இது நிரந்தர வேலை கிடையாது.

பெரும்பாலானவர்கள் பத்துப் பதினைந்து வருடம் காண்ட்ராக்டில்தான் ஓட்டுகிறார்கள். உலக வங்கியின் குறுகிய கால ஆலோசகருக்கு ஒரு நிதியாண்டில் 150 நாள்தான் உச்ச வரம்பு. மீதி நாளுக்கு வேறு வேலை தேடிக்கொள்ள வேண்டியதுதான். நாடு நாடாகப் போய் பென்ஷன் திட்டம் வகுத்துக் கொடுப்பவர்களில் பலருக்குச் சொந்தமாகப் பி.எஃப். கூடக் கிடையாது. ஐ.நா.வில் நிபுணர் என்று சொல்லும்படியான பி-3 பதவிக்கு முதுகலைப் பட்டத்தோடு ஐந்து வருட அனுபவம் கேட்பார்கள். அதற்குக் கீழே ஜே.பி.ஓ. என்று இளையோருக்கு ஒரு வழி உண்டு. ஆனால் செலவை ஏற்கும் பணக்கார நாடுகள் பெரும்பாலும் தங்கள் நாட்டுப் பிள்ளைகளைத்தான் அனுப்புகின்றன. நம் பிள்ளைகளுக்கு அந்தக் கதவு அநேகமாகச் சாத்தியே இருக்கும்.

காலமும் சரியில்லை. அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யு.எஸ்.எய்ட் 2025 ஜூலையோடு மூடப்பட்டது. பிரிட்டன் தன் உதவி நிதியைத் தேசிய வருமானத்தில் 0.5 சதவீதத்திலிருந்து 2027-க்குள் 0.3 ஆகக் குறைக்கப் போவதாக அறிவித்தது. உலக உணவுத் திட்டம் ஆட்களைக் குறைத்தது. இருபது வருட அனுபவம் உள்ளவர்களே வேலை தேடும் நேரத்தில் புதிதாக வரும் பெண் எங்கே நிற்பாள் என்று நீங்கள் கேட்டால், அது நியாயமான கேள்விதான்.

என் பதில் இது. வெளிநாட்டு உதவிப் பணம்தான் சுருங்கியிருக்கிறது. அரசுகள் தங்கள் சொந்தப் பணத்தில் செய்வது குறையவில்லை. இந்தியாவிலேயே பெண்களுக்கு நேரடியாகப் பணம் தரும் திட்டங்கள் மேற்கு வங்கத்தில் 2021-இலும், மத்தியப் பிரதேசத்திலும் கர்நாடகத்திலும் 2023-இலும், மகாராஷ்டிரத்தில் 2024-இலும் வந்தன. ஒவ்வொன்றுக்கும் பட்டியல் வேண்டும், பணம் போகும் வழி வேண்டும், பலன் இருந்ததா என்று பார்க்க ஆள் வேண்டும். அதனால் முதல் ஐந்து வருடத்தை அவள் இங்கேயே கழிக்கட்டும். வெளிநாடு அப்புறம்.

எதியோப்பியா, இந்தோனேசியா, பிரேசில் என்று போய் வேலை பார்க்கிற இந்தியர்களைப் பாருங்கள். பெரும்பாலும் இங்கே ஏதோ ஒரு திட்டத்தில் கால் தேய நடந்தவர்களாகத்தான் இருப்பார்கள். எதியோப்பியாவில் 2005-இல் தொடங்கிய பெரிய திட்டத்தில் வறட்சிப் பகுதி ஏழைகள் குளம் வெட்டி, மண் அரிப்புக்குக் கரை கட்டி, அதற்குப் பதிலாகத் தானியமோ பணமோ வாங்குகிறார்கள். உடல் உழைப்புக்கு முடியாதவர்களுக்கு வேலை வாங்காமலே கொடுக்கிறார்கள். நூறு நாள் வேலையைக் கிட்டே இருந்து பார்த்த ஒருவருக்கு அங்கே முதல் நாளே என்ன கேட்க வேண்டும் என்று தெரியும்: வருகைப் பதிவை யார் எழுதுகிறார்கள், கூலி எத்தனை நாளில் வருகிறது, கர்ப்பிணிக்கு என்ன ஏற்பாடு.

படிப்பு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எம்.ஏ. பொருளாதாரமோ பொதுக்கொள்கையோ வளர்ச்சி ஆய்வோ படிக்கலாம். மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், டாட்டா சமூக அறிவியல் கழகம், அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் எல்லாம் நல்ல இடங்கள். இந்தத் துறைக்கென்றே முதுகலை வேண்டுமானால் ஜெர்மனியின் பான்-ரைன்-சீக் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. பிரிட்டனில் சசெக்ஸ், நெதர்லாந்தில் மாஸ்ட்ரிக்ட் ஆகியவையும் பேர் பெற்றவை. ஆனால் தயவுசெய்து வீட்டை அடமானம் வைத்து இப்போதே அனுப்பாதீர்கள். காண்ட்ராக்ட் வருமானத்தில் அந்தக் கடனுக்குத் தவணை கட்டுவது நரகம். பிரிட்டனின் செவனிங் உதவித்தொகைக்கு இரண்டு வருட வேலை அனுபவமே நிபந்தனை. நீங்கள் ஆதிதிராவிடர் அல்லது பழங்குடி வகுப்பாக இருந்தால் வெளிநாட்டு முதுகலைக்கு மாநில அரசே உதவித்தொகை தருகிறது, அதையும் விசாரியுங்கள்.

பட்டத்தைவிட நான் அழுத்திச் சொல்வது எண்களை. ஸ்டேட்டாவோ (Stata) ஆரோ (R), ஒரு புள்ளிவிவர மென்பொருள் கைக்கு வர வேண்டும். தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் குடும்பச் செலவுத் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. அதை இறக்கி, தமிழ்நாட்டில் கீழ்த்தட்டில் இருக்கும் குடும்பங்கள் மாதம் எவ்வளவு செலவழிக்கின்றன, அதில் மகளிர் உரிமைத் தொகையின் 1,000 ரூபாய் எத்தனை சதவீதம் என்று அவளே கணக்குப் போடட்டும். தானாகப் போட முடிந்தால் இந்தத் துறை அவளுக்குச் சரிப்படும். போட ஆரம்பித்து இரண்டு மணி நேரத்தில் சலிப்பு வந்தால் வங்கித் தேர்வுக்கே அனுப்புங்கள், தப்பில்லை. ஆங்கிலத்தில் சுருக்கமாக எழுதும் பழக்கமும் வேண்டும். பின்னாளில் மேற்கு ஆப்பிரிக்கா பக்கம் போக நினைத்தால் பிரெஞ்சு. அதற்கு இப்போது அவசரம் இல்லை.

டி.என்.பி.எஸ்.சி. பற்றி உங்களுக்கும் மகளுக்கும் வீட்டில் சண்டை என்று எழுதியிருந்தீர்கள். அது அவள் ஆசைக்கு எதிரி என்று அவள் நினைக்கிறாள். நான் அப்படி நினைக்கவில்லை. குரூப் 1 எழுதித் துணை ஆட்சியரானால் இதே திட்டங்களை உள்ளே இருந்து நடத்துவாள், வேலை போய்விடுமோ என்ற கவலையும் இருக்காது. ஆனால் ஐந்தாறு வருடம் தேர்வுக்கே போய்விடும் அபாயம் இருக்கிறதே, அதைத்தான் பார்க்க வேண்டும். இரண்டு முறை எழுதட்டும், அதற்கு மேல் வேண்டாம் என்று இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு வழி, முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம். 2022-இல் வந்தது. இளைஞர்களை ஊக்கத்தொகையோடு அரசுத் திட்டங்களில் வேலை செய்ய வைத்தார்கள். அந்த மாதிரி அறிவிப்பு வந்தால் விடக் கூடாது.

அடுத்த திங்கட்கிழமை ஒரு காரியம் செய்யுங்கள். கலெக்டர் ஆபீஸில் மக்கள் குறைதீர் கூட்டம் நடக்கும். மகளை ஒரு நோட்டோடு காலை ஒன்பது மணிக்கே கூட்டிப் போய்விடுங்கள். உதவித்தொகை கேட்டு வரும் பத்துப் பேரிடம் அவள் பேசட்டும்: எப்போது மனு போட்டீர்கள், ஏன் தள்ளினார்கள், இங்கே வர எவ்வளவு செலவானது. எழுதியதை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், படித்துவிட்டு அவளிடமே பேசுகிறேன். நீங்கள் கூடவே நிற்க வேண்டாம் ஐயா. எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருங்கள்.